புதுப்பிப்பு: ஊர் அருங்காட்சியகத்துக்கு அரசுப் பணம் கிடைக்குமா?

போன மாதம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சாவடியில் நெல் அளக்கும் மரக்கால், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்த கமலைச் சால், ஓலைச்சுவடி என்று பெரியவர்கள் சேர்த்துவைத்தவை கிடக்கின்றன. காப்பாற்ற அரசு நிதி உண்டா என்று. மத்தியில் இதற்குத் திட்டமே இல்லை என்றும் எழுதியிருந்தேன். அது தவறு.

ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டத்தில் மாநில அரசுகள் மட்டுமல்ல, உள்ளாட்சி அமைப்புகளும் பதிவு பெற்ற சங்கங்களும் அறக்கட்டளைகளும் விண்ணப்பிக்கலாம். செலவில் 80 சதவீதம் வரை தருவார்கள், வடகிழக்கு மாநிலங்களுக்கு 90. மீதியை நாம் போட வேண்டும். ஒரு கோடிக்குத் திட்டம் போட்டால் 20 லட்சம்! எங்கள் ஊரால் முடியாத தொகை.

கீழடி அருங்காட்சியகத்தை மாநில அரசு 18 கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டி 2023-இல் திறந்தது. அதில் எனக்குக் குறையில்லை, போய்ப் பார்த்து மலைத்து நின்றேன். ஆனால் எங்களுக்குப் பெரிய கட்டடம் வேண்டாம். ஒழுகாத கூரை, இரண்டு கண்ணாடி அலமாரி, பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள், அவ்வளவுதான். மழைக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் ஒரு சுவடிக்கட்டைப் பூச்சி அரித்திருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, இப்போதைக்கு இரண்டு வேலை. சங்கமாகப் பதிவு செய்யப் போகிறோம். அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், அளவு, கொடுத்த வீடு, படம் என்று பதிவேடு எழுதுகிறோம். இதுவரை 40 பொருள் முடிந்தது. மிஞ்சிய சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவியாயிற்று.