ரேடியேட்டரில் காற்று: வண்டியின் முன்பக்கத்தை உயர்த்த வேண்டுமா?

உவர்மலையான்:
எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தை மாற்றிய பின் ரேடியேட்டரை நிரப்பி மூடிவிட்டு ஓட்டினால் போதும், காற்று தானாகப் போய்விடும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து பொறுக்க முடியவில்லை. காற்று மேலேதான் ஏறும். நிரப்பும் வாய் தாழ்ந்திருந்தால் அது ஹீட்டர் குழாயிலும் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டின் அடியிலும் தங்கிவிடும். முன்சில்லுகளை உயர்த்துங்கள். நிரப்பும் வாய்தான் உச்சியில் இருக்க வேண்டும்.

நிலாவெளி வான்காரன்:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லக்கூட உங்களுக்கு மனம் வரவில்லை. மூடியும் ரிசர்வ் தாங்கியும் எதற்கு இருக்கின்றன அண்ணா? சூடேறும்போது காற்று தாங்கிக்குப் போகும்; ஆறும்போது தண்ணீர் திரும்பி வரும். என் வான் ஹபரணைக்குப் போய் வருகிறது. வெப்பம் காட்டும் முள் பாதியைத் தாண்டியதே இல்லை.

உவர்மலையான்:
மூடிக்கு அடியில் நிற்கும் காற்றுதான் தாங்கிக்குப் போகும், தம்பி. எஞ்சினுக்குள் இன்னொரு மேட்டில் சிக்கியது அங்கே வந்து சேராது. முள்ளையா நம்புகிறீர்கள்? வெப்ப உணரி தண்ணீரில் நனைந்திருந்தால்தான் உண்மை சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் அசையாது.

கிண்ணியா மெக்கானிக்:
சில வண்டிகளில் தெர்மோஸ்டாட்டின் அருகே காற்றுத் திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வந்ததும் இறுக்கினால் முடிந்தது. மற்றவற்றுக்கு, எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 82 முதல் 88 பாகை செல்சியஸில்தான் திறக்கும். அதுவரை காத்திருக்க உங்கள் இருவருக்கும் பொறுமை கிடையாது.

உவர்மலையான்:
காத்திருந்தாலும் வாய் உச்சியில் இல்லாவிட்டால் பயனில்லை, நானா. ஜாக்கி இல்லாதவர்கள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் சரிவில் முன்பக்கம் மேலே பார்க்க நிறுத்தட்டும்.

கடற்கரை வீதி:
கோயில் பாதை உங்கள் கராச்சா? அந்தப் பாதை போகும் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிவது தெரியாதா? எத்திலீன் கிளைக்கோல் கலந்த கூலன்ட் இனிக்கும். சிந்தியதை நக்கினால் விலங்கு செத்துவிடும். ஊரில் பிறந்தவர் எழுதுகிற எழுத்தா இது?

உவர்மலையான்:
சிந்தச் சொன்னேனா? தட்டு வைத்துப் பிடியுங்கள். பேச்சை மாற்ற வேண்டாம்.

நிலாவெளி வான்காரன்:
கூலன்ட்டே எதற்கு? திருகோணமலையில் பனியா உறைகிறது? நான் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

கிண்ணியா மெக்கானிக்:
கடலோரக் கிணற்று உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். இது தெரியாமலா வான் ஓட்டுகிறீர்கள்?

நிலாவெளி வான்காரன்:
பேட்டரி விவாதத்திலும் இப்படித்தான் எல்லோரும் சேர்ந்து என்மீது பாய்ந்தீர்கள். அப்போதும் நான் சொன்னதே சரி.

உவர்மலையான்:
பேட்டரி இருக்கட்டும். நிரப்பும் வாய் உச்சியில் இருக்க வேண்டுமா, இல்லையா? அதற்கு இதுவரை பதில் வரவில்லை.

கிண்ணியா மெக்கானிக்:
திருகு உள்ள வண்டிக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு உயர்த்தியும் குமிழி நிற்கவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

உவர்மலையான்:
திருகு இல்லாத வண்டியைத்தான் கேட்கிறேன்!

நிலாவெளி வான்காரன்:
ஞாயிற்றுக்கிழமை என் வானுக்குத் தண்ணீர் மாற்றுகிறேன். நான்கு சில்லும் தரையில்தான் நிற்கும்.