மூன்றரை வயது மகளுக்கு ஏற்ற தமிழ் நிகழ்ச்சி எது?

வணக்கம். என் மகள் மாலையில் அரை மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கிறாள். இந்த வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதால் அளவில் கண்டிப்பாக இருக்கிறேன்.

என் கவலை வேறு. தனியாகப் பார்த்தால் சிலைபோல உட்கார்ந்துவிடுகிறாள். நான் பக்கத்தில் அமர்ந்து, "யானை எங்கே போகிறது?" என்று கேட்டால்தான் வாய் திறக்கிறாள். அப்படிச் சேர்ந்து பார்த்த மறுநாள், நறுக்கிய வெண்டைக்காய்த் துண்டைத் தூக்கிக் காட்டி, "அம்மா, நட்சத்திரம்!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கல்வித் தொலைக்காட்சியின் பள்ளிப் பாடங்கள் இவளுக்கு இன்னும் எட்டாது. நிதானமாகப் பேசும், விளம்பரம் குறுக்கிடாத தமிழ் நிகழ்ச்சிகள் தெரிந்தால் சொல்லுங்கள். சமையல் நேரத்தில் குழந்தையோடு சேர்ந்து உட்கார முடியாதவர்கள் என்ன செய்கிறீர்கள்?