முடிவு முன்பே தெரிந்த சண்டையில் பார்க்க என்ன இருக்கிறது?

சீரியல்பிரியை:
நேற்று ‘தி அயர்ன் க்ளா’ பார்த்தேன். டெக்சாஸ் ரெஸ்லிங் வீரர்களான வான் எரிக் சகோதரர்களின் கதையைச் சொல்லும் படம். கடைசியில் ஸாக் எஃப்ரான் தன் பிள்ளைகள் முன் உடைந்து அழும்போது எனக்கும் தாங்கவில்லை. ஆனால் ரெஸ்லிங் பார்த்துப் பழக்கமே இல்லை, ‘பிரேக்கிங் பேட்’ மாதிரி நாடகங்கள்தான் பார்ப்பேன். யார் ஜெயிப்பார் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு போடுகிற சண்டையை ஏன் இத்தனை பேர் உயிரைக் கொடுத்துப் பார்க்கிறீர்கள்? ஒரே ஒரு மேட்ச் பார்க்கலாம் என்றால் எது?

ரிங்சைடு ரசிகன்:
ஒன்றே ஒன்று என்றால் யோசிக்கவே வேண்டாம். WWF (இன்றைய WWE) கம்பெனி ஆண்டுதோறும் நடத்தும் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவின் 13ஆவது பதிப்பு, பிரெட் ஹார்ட் எதிர் ஸ்டீவ் ஆஸ்டின். 1997 மார்ச் 23, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்டில் நடந்தது. ‘பிரேக்கிங் பேட்’டில் ஒரு நல்ல மனிதர் வில்லனாக மாற 62 எபிசோட் ஆகிறது. இங்கே இருபது நிமிடச் சொச்சத்தில் நல்லவன் கெட்டவனாகிறான், கெட்டவன் நாயகனாகிறான். வசனம் என்று சொல்ல எதுவுமே இல்லை.

உள்ளே வரும்போது பிரெட்தான் நல்லவர். வழக்கமாக முன்வரிசையில் இருக்கும் ஒரு குழந்தைக்குத் தன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிடுகிற மனிதர். ஆஸ்டின் கெட்ட வார்த்தை பேசும் முரடன். இருவரில் ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டால்தான் மேட்ச் முடியும். போகப்போக ஆஸ்டினின் நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. பிரெட் தன்னுடைய ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார்: எதிராளியைக் குப்புறப் புரட்டி, காலைப் பின்னிக்கொண்டு மேலே உட்கார்ந்து முதுகை வளைக்கிற பிடி. ஆஸ்டின் இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழப் பார்க்கிறார். கேமரா அந்த முகத்துக்குக் கிட்டே போகிறது. கத்துகிற வாயில், பல் இடுக்கெல்லாம் ரத்தம். கடைசிவரை ‘விட்டுவிடு’ என்று அவர் சொல்லவே இல்லை, அப்படியே மயங்கிவிடுகிறார். நடுவர் கென் ஷாம்ராக் மேட்சை நிறுத்துகிறார்.

இதற்கப்புறம் நடப்பதுதான் முக்கியம். ஜெயித்த பிரெட், மயங்கிக் கிடப்பவரின் காலை மறுபடி அடிக்கிறார். ஷாம்ராக் பிரெட்டைத் தூக்கிப் போட்டு, ‘என்னோடு மோதிப் பார்’ என்பதுபோல் நிற்கிறார். பிரெட் முறைக்கிறார், பிறகு பின்வாங்கிவிடுகிறார். அரங்கம் முழுக்கக் கூச்சல். எழுந்த ஆஸ்டின், கைகொடுக்க வந்த வேறொரு நடுவரையே அடித்துத் தள்ளிவிட்டு, நொண்டிக்கொண்டே தனியாக நடந்து வெளியே போகிறார். தோற்றவனின் பெயரைத்தான் ஜனங்கள் சொல்லிக் கத்துகிறார்கள்.

யார் ஜெயிப்பார் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஜனங்கள் யார் பக்கம் சாய்வார்கள் என்பதை எவராலும் எழுதி வைக்க முடியாது, அதை ரிங்கில்தான் சம்பாதிக்க வேண்டும். நான் பார்ப்பது அதைத்தான். தெருக்கூத்தில் துச்சாதனன் சேலையில் கை வைப்பான் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் யாரும் எழுந்து போவதில்லையே.

பழைய டேப்:
‘அயர்ன் க்ளா’ பற்றி ஒரு விஷயம். கிறிஸ் என்ற கடைசித் தம்பியைப் படத்தில் முழுசாக நீக்கிவிட்டார்கள். இன்னொரு துயரத்தைப் படம் தாங்காது என்று இயக்குநர் ஷான் டர்கின் காரணம் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குடும்பம் தாங்கியதே! இன்னொன்று, அந்தச் சகோதரர்களில் ஒருவரான கெர்ரிக்கு 1986 பைக் விபத்தில் வலது பாதம் போய்விட்டது. செயற்கைப் பாதத்தோடுதான் 1990இல் சம்மர்ஸ்லாம் என்ற WWF நிகழ்ச்சியில் மிஸ்டர் பெர்ஃபெக்ட் என்ற வீரரை ஜெயித்து சாம்பியன் பெல்ட் வாங்கினார். அதைத் தனிப் படமாகவே எடுக்கலாம்.

அப்புறம், முதல் மேட்ச் என்றால் அண்டர்டேக்கர் எதிர் ஷான் மைக்கேல்ஸ், ரெஸ்ல்மேனியா 25தான் என் தேர்வு.

சீரியல்பிரியை:
ஆஸ்டின் மேட்சைப் பார்த்துவிட்டேன். அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. ரத்தம் நிஜமா? பிரெட் அதற்கப்புறம் என்ன ஆனார்?

ரிங்சைடு ரசிகன்:
ரத்தம் நிஜம்தான். சின்ன பிளேடால் கீறுவார்கள். மிக்கி ரூர்க் நடித்த ‘தி ரெஸ்லர்’ படத்தில் கையில் சுற்றிய டேப்புக்குள் பிளேடை ஒளித்து வைப்பதை அப்படியே காட்டியிருப்பார்கள்.

பிரெட் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்க ரசிகர்களையே திட்ட ஆரம்பித்தார். அங்கே எந்த ஊருக்குப் போனாலும் கூச்சல், எல்லை தாண்டிக் கனடா போனால் ராஜ மரியாதை. அதே வருஷம் ஜூலையில் அவருடைய சொந்த ஊரான கால்கரியில் ‘கனடியன் ஸ்டாம்பீட்’ என்ற ரெஸ்லிங் நிகழ்ச்சி நடந்தது. அங்கே பிரெட்டின் குடும்பத்தைக் கொண்டாடுகிறார்கள், ஆஸ்டினுக்குத்தான் கூச்சல். கதையில் ஒரு வரிகூட மாறவில்லை, உட்கார்ந்திருக்கும் ஊர் மட்டும்தான் வேறு. எந்த டிவி நாடகத்திலும் இதைச் செய்து காட்ட முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

நவம்பர் 9 அன்று மான்ட்ரியலில், கம்பெனி முதலாளியே பிரெட்டுக்குத் தெரியாமல் முடிவை மாற்றி பெல்ட்டைப் பறித்தார். அப்போது நிஜமாகவே உடனிருந்து படம் பிடித்த ஆவணப்படம் ‘ஹிட்மேன் ஹார்ட்: ரெஸ்லிங் வித் ஷாடோஸ்’. முதலில் கால்கரி மேட்ச், பிறகு அந்தப் படம், இந்த வரிசையில் பாருங்கள். நண்பர் சொன்ன அண்டர்டேக்கர் மேட்சும் அருமைதான், அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.