மறு: வேப்பிங் என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘ஆவி’ வேண்டாம், ‘மின்புகை’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மின்சிகரெட்டை இழுப்பதைக் குறிக்கும் ‘வேப்பிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துவருகிறேன். ‘ஆவிபிடித்தல்’, ‘ஆவியிழுத்தல்’, ‘ஆவிநுகர்வு’ என்று எல்லாம் ஆவியைச் சுற்றியே வருவதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

> மூலச்சொல்லின் வேர் ஆவி. நாமும் அதையே கொள்வதுதான் முறை.

ஐயா, அந்த வேரே பிழை என்பதுதான் என் வாதம். மின்சிகரெட்டுக்குள் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. மின்கலம் அதைச் சூடாக்க, புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள் கலந்த திரவம் ஒரு கணம் ஆவியாகிறது. உடனே குளிர்ந்து கோடிக்கணக்கான நுண்துளிகளாகிவிடுகிறது. நுரையீரலுக்குள் போவது பெரும்பாலும் அந்தத் துளிகள்தான். கம்பிச்சுருளிலிருந்து வரும் நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும், சூட்டில் உண்டாகும் ஃபார்மால்டிஹைடும் அதில் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘வேப்பர்’ (ஆவி) என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் நாமும் அந்தப் பிழையைச் சுமக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய காரணம் தமிழுக்குள்ளேயே இருக்கிறது. சளி பிடித்தால் வீட்டில் என்ன செய்வோம்? கொதிக்கும் நீரில் நொச்சித்தழையும் மஞ்சளும் போட்டு, போர்வையால் தலையை மூடிக்கொண்டு ஆவி பிடிப்போம். அம்மா பக்கத்தில் நின்று, “நல்லா இழு, நெஞ்சு வரைக்கும் போகட்டும்” என்பார். ஆவி பிடித்தல் என்றால் நமக்கு மருந்து. குழந்தைக்கும் கொடுக்கும் மருந்து. அந்தப் பெயரை நிக்கோட்டினுக்குக் கொடுத்தால் எந்த விளம்பரமும் தர முடியாத நற்சான்றிதழை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

இது கற்பனைப் பயம் இல்லை. நான் பள்ளி ஆசிரியை. போன ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் பையில் பென்டிரைவ் போன்ற ஒன்று இருந்தது. மாம்பழ வாசனை. அண்ணனுடையது என்றான். “இது சிகரெட் இல்ல டீச்சர், புகையே கிடையாது, வெறும் ஆவிதான்” என்றான். பொய் சொல்லும் முகம் அல்ல அது. அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினோம். அப்பாவும் முதலில், “ஆவிதானே டீச்சர்?” என்றுதான் கேட்டார். அதன்பிறகுதான் பள்ளிகளுக்காக ஒரு விழிப்புணர்வுத் துண்டறிக்கை எழுதத் தொடங்கினேன். இந்த இழைக்கு நான் வந்த காரணமும் அதுவே.

பெயர் வைப்பது கட்டுப்பாட்டின் ஒரு பகுதி என்பதை உலகம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ‘லைட்’, ‘மைல்டு’ என்று பெட்டியில் அச்சிட்டுத்தான் பல ஆண்டுகள் சிகரெட் விற்றார்கள். பயந்துபோய் நிறுத்த நினைத்தவர்கள் பலர், நிறுத்துவதற்குப் பதிலாக லைட்டுக்கு மாறினார்கள். 2003 இல் ஏற்கப்பட்டு 2005 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, தன் 11 ஆம் பிரிவில் இந்தச் சொற்களையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தீங்கு குறைவு என்ற பொய்த் தோற்றம் தரும் சொற்கள் பெட்டியில் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். 2019 இல் இந்தியா கொண்டுவந்த மின்னணு சிகரெட் தடைச் சட்டத்தையும் பாருங்கள். சூடாக்கி ‘ஏரோசால்’, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துளிகள், உண்டாக்கும் கருவி என்றுதான் வரையறுக்கிறது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ன பெயரில் அழைத்தாலும், என்ன வடிவில் இருந்தாலும் அது அடங்கும் என்கிறது. பெயரும் வடிவமும் மாறிக்கொண்டே வரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல்முறை என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, ஆவி வேண்டாம் என்றால் வேறு என்ன? என் முன்மொழிவு ‘மின்புகை’. கருவியிலிருந்து வருவது மின்புகை. செயல், மின்புகை பிடித்தல்.

> நெருப்பில்லாமல் புகையாது. எரிதலே நடக்காதபோது புகை என்பது அறிவியல் பிழையல்லவா?

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடித்தான் இரண்டு நாள் யோசித்தேன். மழைக்காலத்தில் நகராட்சி ஆட்கள் தெருவில் அடிப்பதை என்னவென்று சொல்கிறோம்? கொசுப்புகை. அந்த இயந்திரத்தில் மருந்து எரிவதில்லை. டீசலில் கலந்த மருந்து சூட்டில் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் நுண்துளிகளாகிப் படர்கிறது. மின்சிகரெட்டுக்குள் நடப்பதும் இதுதான், அளவுதான் சிறியது. அதைப் ‘புகை அடித்தல்’ என்று தமிழர்கள் யாரையும் கேட்காமலே பெயரிட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற, காற்றில் மிதக்கிற, மூச்சில் போகிற எதையும் புகை என்பது நம் வழக்கம். அகராதி அதற்குப் பின்னால் வரட்டும்.

புகையிலை என்ற சொல்லையே பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. வந்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளாமல், அந்த இலையைக் கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள் நம்மவர்கள். மூக்குப்பொடி என்றால் எங்கே போகிறது என்பது பெயரிலேயே இருக்கிறது. சுருட்டு என்ற சொல்லோ ஆங்கிலத்துக்கே போய் ‘ஷெரூட்’ ஆனது. ஒளிவுமறைவு இல்லாமல் பெயர் வைக்கிற பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது.

இழையில் லண்டன் அண்ணர் எழுப்பிய மறுப்பும் எளிதில் ஒதுக்கக் கூடியதல்ல. பிரித்தானியாவில் இது தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. சிகரெட்டை விட முடியாதவர்களுக்கு மாற்றாக அரசே கொடுக்கும் திட்டம் 2023 இல் அறிவிக்கப்பட்டது. அங்கே நிக்கோட்டின் மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது, ஒருமுறை பயன்படுத்தி வீசும் வகை 2025 ஜூன் 1 முதல் தடை. “இங்குள்ள தமிழர் ஒருவர், முப்பது வருசப் பழக்கத்தை விடப் பார்க்கிறார். அவரிடம் இதுவும் புகைதான் என்றால், அப்ப பழையபடி சிகரெட்டே குடிக்கிறேன் எண்டு சொல்ல மாட்டாரோ?” என்று அண்ணர் கேட்கிறார். இந்த ஒரு இடத்தில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் அந்தத் தமிழருக்கு விளக்கிச் சொல்ல மருத்துவர் ஒருவர் எதிரே இருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு யாரும் இல்லை, சொல் மட்டும்தான் இருக்கிறது. அதோடு ‘மின்’ என்ற முன்னொட்டு இது வேறு வகை என்று காட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே அளவு தீங்கு என்று அது சொல்லவில்லை.

கருவியின் பெயரில் எனக்குப் பிடிவாதம் இல்லை. சிங்கப்பூர்த் தோழி சொன்னதுபோல அங்கே நாளிதழ்களில் ‘மின்சிகரெட்’ நிலைத்துவிட்டது. 2018 முதல் அங்கே வைத்திருப்பதும் பயன்படுத்துவதும்கூடக் குற்றம். அறிவிப்புப் பலகையில் பழகிய சொல்லைக் கலைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து ஐயாவின் ‘மின்சுங்கான்’ அழகாக இருக்கிறது, புகைக்குழாயைக் குறிக்கும் சுங்கான் என்ற பழைய சொல்லைப் பல வருடம் கழித்துக் கேட்டேன். ஆனால் என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட அது தெரியாது. புகையிலையை எரிக்காமல் சூடாக்கி இழுக்கும் வகைக்கு இழையில் வந்த ‘சூடாக்கு புகையிலை’ சரியாகவே இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று தீரவில்லை. திரவத்தில் சேர்க்கும் மாம்பழம், புதினா, பபுள்கம் இவற்றை ‘சுவையூட்டி’ என்பதா, ‘மணமூட்டி’ என்பதா? உணவுப் பொட்டலங்களில் சுவையூட்டி என்றே பழகிவிட்டதால் அதைத் தவிர்க்கப் பார்க்கிறேன். இது தின்னும் பொருள் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. ‘மணமூட்டி’யோ சாம்பிராணியை நினைவூட்டுகிறது. துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது ஒரு நல்ல சொல் தந்தால் சேர்த்துவிடுகிறேன்.