டிகிரியும் எம்டியும் சேர்ந்த அமெரிக்கப் படிப்பு: யாராவது விண்ணப்பித்ததுண்டா?

மன்னார்குடி அப்பா:
மகள் பிளஸ் ஒன். குறுவை அறுப்பு சமயத்தில் ஊருக்கு வந்த மச்சினன், அமெரிக்காவில் பள்ளி முடித்ததுமே டிகிரிக்கும் எம்டிக்கும் (அங்கே டாக்டராவதற்கான படிப்பே அதுதானாம்) சேர்த்து இடம் தருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். தஞ்சாவூரில் நீட் கோச்சிங்குக்குப் பணம் கட்டியாச்சு. இரண்டையும் பார்க்கலாமா?

திருவையாறு அக்கா:
முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்க சார். இவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். பிரவுன் பல்கலைக்கழகத்தின் 8 வருடப் படிப்பு வெளிநாட்டுப் பிள்ளைகளையும் எடுக்கிறது, எம்கேட் என்ற அமெரிக்க மருத்துவ நுழைவுத் தேர்வும் கேட்பதில்லை, ஆனால் மார்க் மட்டும் போதாது, ஏன் டாக்டராக வேண்டும் என்று கட்டுரை எழுத வேண்டும். நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் பெண் முதலில் எழுதியதில் 'சேவை' என்ற சொல் மட்டும் ஆறு தடவை! எல்லாவற்றையும் அடித்துவிட்டு, லீவில் இங்கே வந்தபோது பாட்டியின் சர்க்கரைப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றினாளே, அதை எழுதச் சொன்னேன்.

கும்பகோணம் டிகிரி காபி:
நீட்டை விட்டுடாதீங்க. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பி இங்கே பிராக்டிஸ் பண்ணவும் 2018 முதல் நீட் தகுதி வேண்டும். அப்புறம், இங்கே எம்பிபிஎஸ் இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம்தான்.

மன்னார்குடி அப்பா:
சரி, 8 வருட ஃபீஸ்? இரண்டு மா நிலத்தை விற்றாலும் முதல் வருடத்துக்கே காணாது போலிருக்கே.

திருவையாறு அக்கா:
காணாது சார். மச்சினனிடம் கேளுங்க, அவர்தானே ஆரம்பித்தார்.