மாற்ற ஏலாததுதான் பேர்ம்வெயரா?

முறிகண்டியான்:
கருவிகளுக்குள்ளேயே இருந்து அவற்றை இயக்குகிற பேர்ம்வெயரைப் பற்றி நேற்றுப் பரந்தன் அண்ணை இங்கே எழுதியது இது: "பேர்ம்வெயர் சிப்போடு பிறந்தது, மாற்ற ஏலாது. மாற்ற ஏலுமென்றால் அது சொப்ட்வெயர்." உயர்தரப் பிள்ளைகளும் வாசிக்கிற இடத்தில் இப்படியா எழுதுவது? கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கிற பயோஸ் பேர்ம்வெயர்தானே? இப்ப பெரும்பாலும் மதர்போட்டில் ஒரு எட்டுக்கால் சிப்புக்குள் இருக்கிறது. அழித்து அழித்து எழுதலாம்.

பரந்தன் திருத்துநர்:
தம்பி, நீர் பால் குடிக்கிற காலத்தில் நான் கொம்பியூட்டர் திருத்தினவன். அந்தக் காலத்து ரொம்மில், அதுதான் வாசிக்க மட்டுமேயான சிப்பில், ஒரு எழுத்தை மாற்றிக் காட்டும், பார்ப்பம்.

முறிகண்டியான்:
எந்தக் காலம்? ஈப்ரொம் என்ற பழைய ரொம் வகைச் சிப்பின் முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்ததே, புறஊதா ஒளி பட்டு அழிந்தபிறகு திரும்ப எழுதத்தான். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் எத்தனை மதர்போட்டின் பயோஸைக் கெடுத்தது! மாற்ற ஏலாததை அது எப்படிக் கெடுத்தது?

அறிவியல்நகர் மாணவி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கோ. பேர்ம்வெயரும் மென்பொருள்தான். ஒரு கருவியை இயக்க, அதற்கென்றே எழுதி அதற்குள்ளேயே வைத்தது. மாற்றலாமா என்பது எந்தவகைச் சிப்பில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. றவுட்டர்கள் பலவற்றில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம், அதையும் பேர்ம்வெயர் என்றுதான் சொல்கிறோம்.

பரந்தன் திருத்துநர்:
தங்கச்சி, அது கம்பஸ் கதை. போன மாரிக்கு பயோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கக் கரண்ட் போய், ஒரு மதர்போட் செத்தே போச்சு. அதனால்தான் மாற்ற ஏலாது என்கிறேன்.

முறிகண்டியான்:
மாற்ற ஏலாததுக்கு அப்டேட் எதுக்கு அண்ணை?

வவுனிக்குளத்தான்:
அது என்ர மதர்போட். புதுசு வாங்கச் சொல்லிக் காசும் வாங்கினவர்.

முறிகண்டியான்:
அநியாயம்! சிப்பின் கால்களில் கிளிப்பைக் கவ்வவிட்டு, சிப்பில் எழுதுகிற புரோகிராமர் கருவியை யூஎஸ்பியில் செருகி, அதே மொடலுக்குரிய பயோஸ் கோப்பை எழுதிப் பார்த்திருக்கலாம். சிப்பைக் கழற்றாமலே பலதுக்கு உயிர் வரும். பார்த்தீங்களோ?

பரந்தன் திருத்துநர்:
வியாபாரத்தை இதுக்குள் இழுக்காதேயும். உம்மட மாமாவும் கடை வைத்திருக்கிறார், அதுதான் இந்தத் துள்ளல்.

முறிகண்டியான்:
மாமாவை விடுங்கோ. ஏலுமா, ஏலாதா?

பரந்தன் திருத்துநர்:
ஏலாது.

வவுனிக்குளத்தான்:
முறிகண்டித் தம்பி, மதர்போட் வீட்டில்தான் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரட்டோ?

பரந்தன் திருத்துநர்:
கொண்டுபோம். எரிந்துபோனால் என்ர கடைப் பக்கம் வரவேண்டாம்.