ரெய்டு நிலை அறிக்கையை மாற்றும்போது பழைய ஸ்கிரிப்டுகள் உடையாமல் காப்பது எப்படி?

கேள்வி (நாகர்கோவில்):
குளச்சல், தக்கலை கிளைகளிலுள்ள லினக்ஸ் சர்வர்களின் ரெய்டு (பல வட்டுகளை ஒரே தொகுதியாக இணைக்கும் முறை) நிலையைத் தெரிவிக்கும் கருவி ஒன்றைப் பராமரிக்கிறேன். அதன் வெளியீட்டைத் தெளிவாக்க விரும்புகிறேன். ஆனால் கிளைகளில் ஓடும் ஸ்கிரிப்டுகள், லினக்ஸ் ரெய்டு நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் வருவதுபோன்ற, விடுபட்ட வட்டைக் குறிக்கும் அடிக்கோட்டுக் குறியைத் தேடியே வட்டு குறைவதை அறிகின்றன. எதைத் தொடலாம்?

மறுமொழி (மார்த்தாண்டம்):
ஐயா, இயல்பான வெளியீட்டில் ஓர் இடைவெளியைக்கூட மாற்றாதீர்கள். புதிய வடிவத்தைத் தனித் தெரிவாகக் கொடுங்கள். லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கருவி அப்படித்தான் செய்கிறது: எக்ஸ்போர்ட் தெரிவைக் கொடுத்தால் மட்டுமே பெயரும் மதிப்புமாக வரிகள் வருகின்றன. வெளியேறும் குறியீடு (நிரல் முடியும்போது திருப்பித் தரும் எண்) இதைவிட முக்கியம். எம்டிஆட்மிடம் டெஸ்ட் தெரிவுடன் விவரம் கேட்டால் 0 என்பது நலம், 1 என்பது வட்டுப் பழுது, 2 என்பது தொகுதியே பயன்படாத நிலை, 4 என்பது விவரம் பெறுவதிலேயே பிழை. உங்கள் கருவியும் இத்தகைய எண்களைத் தருமானால், மாற்று வட்டில் தரவை மீண்டும் நிரப்பும் மறுகட்டமைப்புக்கென்று புதிய எண்ணைச் செருக வேண்டாம். பூஜ்யமல்லாத எதையும் பழுதாகக் கொள்ளும் ஸ்கிரிப்டு வீணாக அலறும்.

மறுமொழி (குலசேகரம்):
இதை நானும் வலியுறுத்துகிறேன். பழைய வடிவம் நீக்கப்படும் என்ற எச்சரிக்கையை, இயல்பான வெளியீட்டோடு கலக்காத பிழை வெளியீட்டுக்கே அனுப்புங்கள். ஸ்கிரிப்டுகளைப் படிப்படியாக, கர்னல் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸின் டிகிரேடட் கோப்புக்கு நகர்த்தலாம். அதில் குறையும் வட்டுகளின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். லூப் சாதனங்களில் (வட்டுபோல் பயன்படுத்தப்படும் கோப்புகள்) ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் ரெய்டு 1 அமைத்து, ஒன்றைப் பழுதெனக் குறித்து, இரு பதிப்புகளின் வெளியீட்டையும் வேறுபாடு காட்டும் டிஃப் கட்டளை கொண்டு ஒப்பிட்ட பின்னரே கிளைகளுக்கு அனுப்புங்கள்.